கைபேசியே பிழை திருத்தும் காலத்தில் பள்ளியில் சொல்வதெழுதுதல் எதற்கு?

#1 வத்தலக்குண்டு வாசகர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். சென்ற கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, நான்காம் ஐந்தாம் வகுப்புகளில் நடக்கும் சொல்வதெழுதுதலை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் கணினிக்கும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கும் கொடுக்கலாம் என்றார். பிள்ளைகள் நாளைக்கு எழுதப்போவது கைபேசியிலும் கணினியிலும்தான். இரண்டு எழுத்தைத் தட்டினால் முழுச் சொல்லும் வந்து நிற்கிறது. வாயால் சொன்னாலும் அதுவே எழுதிக்கொள்கிறது. பிறகு மூன்று சுழியா இரண்டு சுழியா என்று குழந்தைகளை வதைப்பானேன் என்பது அவர் வாதம்.

பாதிப் பேர் தலையசைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று தலைமையாசிரியர் தள்ளிவைத்திருக்கிறார். எனக்கு அந்த யோசனை சரியென்று படவில்லை. ஆனால் "தமிழ் அழிந்துவிடும்" என்ற ஒற்றை வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தில் எழுந்து நிற்க விருப்பமில்லை. அந்தத் தந்தை பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் பேசுகிறார். அவருக்குச் சொல்லத்தக்க பதில் வேண்டும். ஆசிரியர்களும் கணினித் துறையினரும் ஒளிக்காமல் பேசுங்கள்.

#2 நிரலாளன்

அந்தத் தந்தையின் பக்கம்தான் நான்.

தமிழை இயந்திரத்தில் கையாளும் துறையில் வேலை செய்கிறேன். முன்பு தமிழுக்கு உருப்படியான பிழைதிருத்தி இல்லை என்பது உண்மை. ஆங்கில வினைச்சொல்லுக்கு நாலைந்து வடிவங்கள்தான். சொற்பட்டியலை வைத்தே சரிபார்த்துவிடலாம். தமிழில் 'வா' என்ற ஒரே வினையிலிருந்து வந்தான், வராதவர்களுக்கு, வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து என்று ஆயிரக்கணக்கில் பிறக்கும். பட்டியலில் அடங்காது. அதனால் சரியான சொற்களின் கீழெல்லாம் சிவப்புக் கோடு ஓடியது.

இன்று நிலைமை வேறு. நீச்சல்காரன் என்ற புனைபெயர் கொண்டவர் உருவாக்கிய வாணி என்ற கருவி எழுத்துப்பிழையைக் காட்டுகிறது, நாவி என்ற கருவி சந்திப்பிழையைக் காட்டுகிறது. இரண்டையும் இணையத்தில் யாரும் பயன்படுத்தலாம். ஏராளமான எழுத்தைக் கொண்டு பழக்கிய 'பெரிய மொழி மாதிரிகள்' என்னும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் வாக்கியத்தின் போக்கைப் பார்த்தே 'பள்ளிக்குச் சென்றான்' என்பதா 'பல்லிக்குச் சென்றான்' என்பதா என்று தேர்ந்துவிடுகின்றன. கால்குலேட்டர் வந்த பிறகு மடக்கை அட்டவணையை யாரும் சுமப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் பொழுது விலைமதிப்பற்றது. அதை ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று செலவழிப்பதைவிட நிறைய வாசிக்கவும் எழுதவும் விடுவது நல்லது.

#3 தேனித் தமிழாசிரியை

நிரலாளன் தம்பி கடைசியில் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். நிறைய வாசிக்க வேண்டும், நிறைய எழுத வேண்டும். அதற்கு முந்தைய பகுதியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் வகுப்பறையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை 'முயற்ச்சி' என்று எழுதுகிறது. ஆசிரியர் சிவப்பு மையில் ச்-ஐ அடித்துவிட்டு 'முயற்சி' என்று பக்கம் நிறைய எழுதிவரச் சொல்கிறார். பிள்ளை எழுதுகிறது. மறுநாள் 'பயிற்ச்சி' என்று எழுதுகிறது. ஏனென்றால் அது ஒரு சொல்லைப் பார்த்து எழுதியதே தவிர, ஏன் என்று கற்கவில்லை. ற், ட் என்ற வல்லின மெய்களுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று நிற்காது. ய், ர், ழ் ஆகிய மூன்றுக்குப் பின்னால்தான் நிற்கும். காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை, வேர்க்கடலை எல்லாம் சரி. முயற்ச்சி, கட்ச்சி எல்லாம் தவறு. இதைச் சொல்லிப் பலகையில் இரண்டு வரிசையாக எழுதிக் காட்டினால் ஒரு பாடவேளை போதும். மாதக்கணக்கில் தண்டனையாக எழுதவைத்தாலும் வராதது அதில் வந்துவிடும்.

ண, ந, ன சங்கதியும் அப்படியே. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களிலேயே விடை இருக்கிறது. ட-வுக்கு முன்னால் வருவது ண்: வண்டி, நண்டு. த-வுக்கு முன்னால் வருவது ந்: பந்து, சந்தை. ற-வுக்கு முன்னால் வருவது ன்: கன்று, தென்றல். சொல்லின் முதலில் ந மட்டுமே வரும். ண, ன இரண்டும் வரா. சுழியை எண்ணச் சொல்லும் ஆசிரியர், நாக்கு எங்கே படுகிறது என்று கேட்டுப் பார்க்கட்டும். ட சொல்லும்போது மேலண்ணத்தை நோக்கி மடிகிற நாக்கு ண சொல்லும்போதும் அங்கேயே போகும். த சொல்லும்போது பல்லடியில் படுகிற நாக்கு ந சொல்லும்போதும் அங்கேயே படும். எட்டு வயதுப் பிள்ளை இதைத் தன் வாயிலேயே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆக, என் கட்சி இதுதான். தமிழில் எழுத்தைச் சரியாக எழுதுவது மனப்பாட வேலை அன்று. ஒலியும் இலக்கணமும் பொருளும் சேர்ந்த ஒன்று. அதை மனப்பாடமாகவும் தண்டனையாகவும் ஆக்கி வைத்திருப்பது பள்ளி செய்த தவறு. அந்தத் தவறை நிறுத்துங்கள், பாடத்தை நிறுத்தாதீர்கள்.

#4 சிவகாசி மெய்ப்பர்

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். திருமண அழைப்பிதழ்கள்தான் பெரும்பகுதி. ஆசிரியை அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இப்போதெல்லாம் வாடிக்கையாளரே கைபேசியில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். 'திருவளர்ச்செல்வன்' என்று ச் போட்டு வரும். அது 'திருவளர்செல்வன்' என்றுதான் இருக்க வேண்டும். திரு வளர்கின்ற செல்வன், வினைத்தொகையில் ஒற்று மிகாது. சுடுசோறு, ஊறுகாய் போல. 'கூரைப்புடவை' என்று வரும். கூரை வீட்டுக்கு மேலே இருப்பது. மணப்பெண் உடுத்துவது கூறைப்புடவை. 'மனமக்கள்' என்றும் வரும்.

'கூரை' என்பதும் சொல், 'புடவை' என்பதும் சொல். கோடு போடாமல் விட்டுவிடுகிற திருத்திகளே நான் பார்த்தவற்றில் அதிகம். அச்சாகி, ஊரெல்லாம் கொடுத்த பிறகு வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்த்துச் சொல்வார். அப்புறம் பேசி என்ன பயன்?

#5 போட்டித் தேர்வு மாணவி

வேலை வேண்டுமென்றாலும் இது தேவைப்படுகிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயமாகிவிட்டது. ஒலி வேறுபாடறிந்து சரியான பொருளை அறிதல், சந்திப்பிழையை நீக்குதல் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அரம், அறம், இரை, இறை, உளவு, உழவு என்று இணைகளை இப்போது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வறைக்குள் கைபேசி இல்லை. நாலாம் வகுப்பில் யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த வயதில் இதற்குப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

#6 நிரலாளன்

சகோதரி, தேர்வில் கேட்கிறார்கள் என்பதால் கற்பிக்க வேண்டும் என்பது வட்டமாகச் சுற்றும் வாதம். தேர்வையும் மாற்றலாமே.

மெய்ப்பர் அண்ணன் சொன்ன 'கூரைப்புடவை' பற்றி: இன்றைய மாதிரிகளில் பெரும்பாலானவை அதைப் பிடித்துவிடும். நாளை எல்லாமே பிடிக்கும்.

#7 ஒரு தாய்

இந்த இழையில் பேசலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது. அறிவுக்குக் குறைவில்லை. கதை சொல்லச் சொன்னால் கேட்பவர் எழுந்து போக மாட்டார். ஆனால் எழுத்து கண்முன் நிலைகொள்ளாது. கொம்பு இடம் மாறும், கால் காணாமல் போகும். நேற்றுச் சரியாக எழுதிய சொல்லை இன்று வேறு மாதிரி எழுதுவாள்.

சொல்வதெழுதுதல் நாளில் காலையிலேயே வயிற்றுவலி என்பாள். அது நடிப்பு இல்லை, உண்மையிலேயே வலிக்கும். மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பார்கள். குறைவாக வாங்கியவர்கள் எழுந்து நிற்க வேண்டும். இதை இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு பிறகு பள்ளியை மாற்றினோம். இப்போது கைபேசியில் வாயால் சொல்லி எழுதுகிறாள். தட்டும்போது வரும் பரிந்துரைகளில் சரியானதைத் தொடுகிறாள். முதன்முறையாகத் தன் கட்டுரையைத் தானே முடித்துக் கொண்டுவந்து காட்டினாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பரிசோதித்துச் சான்று வாங்கும் வரை பிள்ளை 'சோம்பேறி'தான், 'கவனமில்லாதவள்'தான். சான்று வாங்காத பிள்ளைகள் எத்தனை வகுப்பில் இருப்பார்கள்? எழுத்தைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்துப்பிழையை வைத்து ஒரு குழந்தையின் அறிவை அளக்கும் வழக்கம் தொலைய வேண்டும். கருவி இருக்கிறதென்றால் அதை என் மகள் கையிலிருந்து யாரும் பிடுங்கக் கூடாது.

#8 தேனித் தமிழாசிரியை

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. எழுந்து நிற்கவைப்பதும் மதிப்பெண்ணை உரக்கப் படிப்பதும் எந்தப் பள்ளியிலும் இருக்கக் கூடாது. மகளுக்குக் கைபேசியும் வேண்டும், கூடுதல் நேரமும் வேண்டும். கட்டுரைக்கு மதிப்பெண் போடும்போது எழுத்துப்பிழைக்காகக் கருத்தின் மதிப்பெண்ணில் கை வைப்பது அநியாயம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? "பரிந்துரைகளில் சரியானதைத் தொடுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொடுதலுக்குத்தான் எழுத்தறிவு வேண்டும். கருவி மூன்று சொற்களை வரிசையாக நீட்டுகிறது, தேர்வு பிள்ளையுடையது. மகள் இதைச் செய்கிறாள் என்றால் அவளுக்குச் சொல்லின் உருவமும் பொருளும் உள்ளே எங்கோ பதிந்திருக்கிறது. எழுதிக் காட்டுவது வேறு, பார்த்தால் தெரிந்துகொள்வது வேறு. இரண்டாவதைக் கற்பிக்கும் பயிற்சி நம் வகுப்புகளில் மிகக் குறைவு.

நிரலாளன் தம்பிக்கு: வாக்கியத்தின் போக்கு இரண்டு சொல்லுக்கும் இடங்கொடுத்தால் என்ன செய்யும்? 'வரும்போது கரி வாங்கி வா', 'வரும்போது கறி வாங்கி வா'. சலவைக்கடைக்காரர் வீட்டில் ஒன்று, விருந்துக்கு ஆள் வந்த வீட்டில் மற்றொன்று. 'விளைநிலம் விற்பனைக்கு', 'விலைநிலம் விற்பனைக்கு'. 'பணி முடிந்தது', 'பனி முடிந்தது'. 'தந்த பெட்டி' என்றால் யாரோ கொடுத்த பெட்டி. 'தந்தப் பெட்டி' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. 'வேலை செய்தான்' என்பவன் உழைத்தவன். 'வேலைச் செய்தான்' என்பவன் வேல் வடித்தவன். எழுதியவன் மனத்தில் இருந்தது எதுவென்று எழுதியவனுக்குத்தான் தெரியும்.

#9 சுவடி ஆர்வலர்

வேறொரு கோணம். ஓலைச்சுவடிகளில் புள்ளியே இருக்காது. எ, ஏ வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒரே உருவம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வந்து குறில் நெடில் உருவங்களைப் பிரித்த பிறகுதான் இன்று நாம் எழுதும் கெ, கே, கொ, கோ. அதற்கு முன்பு தமிழர்கள் படிக்கவில்லையா?

1935இல் பெரியார் குடி அரசு இதழில் எழுத்து மாற்றத்தைக் கொண்டுவந்தார். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது. துதிக்கை வைத்த பழைய லை, ளை, ணை, னை உருவங்களும் சுழித்து எழுதிய ணா, றா, னா உருவங்களும் போயின. மொழி ஒன்றும் குடிமுழுகவில்லை. பெரும்பாலோர் வாயில் ர, ற இரண்டும் இன்று ஒரே ஒலிதான். அப்படியிருக்க, ஒன்றை எடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீருமே?

#10 தேனித் தமிழாசிரியை

சுவடிகளைப் படித்தார்கள், உண்மை. எத்தனை பேர் படித்தார்கள், எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியிருந்தது. கற்றவர்களுக்கே அந்த நிலை. எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் காலத்துக்கு அந்த ஏற்பாடு உதவாது. 1978இல் மாறியது எழுத்தின் உருவம். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்பது மாறவில்லை. 'யானை'யில் னை இருந்தது, இன்றும் இருக்கிறது.

ற-வை எடுத்துவிடலாம் என்கிறீர்கள். எடுத்துப் பார்ப்போம். 'சோறு' என்று எழுதினால் 'சோற்றில்' என்று போகும். 'ஆறு' 'ஆற்றில்' ஆகும், 'காடு' 'காட்டில்' ஆவதைப் போல. 'சுவர்' அப்படிப் போகாது, 'சுவரில்'தான். இன்று ஊரெங்கும் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்கள்' என்று எழுதியிருக்கிறதே, அது ர, ற வேறுபாடு மனத்தில் கலைந்துபோனதால் வந்தது. ஒலி ஒன்றாகிவிட்டாலும் இலக்கணம் ஒன்றாகவில்லை.

ல, ள-வும் அப்படியே. பல் 'பற்பசை' ஆகிறது, முள் 'முட்கள்' ஆகிறது. ல் திரிந்தால் ற், ள் திரிந்தால் ட். சொல்லின் அடியில் எந்த எழுத்து இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு இந்தத் திரிபுகளெல்லாம் தொடர்பில்லாத தனித்தனிச் சொற்களாகவே தெரியும். எழுத்தைச் சரியாகக் கற்ற பிள்ளை ஒன்றிலிருந்து ஒன்பதைத் தானே பிடித்துக்கொள்ளும். இதைத்தான் பொழுது வீண் என்று தூக்கிப்போடச் சொல்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

#11 இ-சேவை நடத்துபவர், திருவாரூர் மாவட்டம்

எல்லோரும் மொழியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஒரு பாட்டி வருகிறார். பத்திரத்தில் வள்ளியம்மாள். பட்டாவில் வல்லியம்மாள். குடும்ப அட்டையில் வள்ளியம்மால். ஊருக்குத் தெரியும் மூவரும் ஒருவர்தான் என்று. கணினிக்குத் தெரியாது. காகிதக் காலத்தில் எழுத்தர் பார்த்து, "எல்லாம் ஒரே ஆள்தான்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். இப்போது தேடும் பெட்டியில் ஓர் எழுத்து மாறினாலும் பதிவு இல்லை என்று வரும். பெயர்த் திருத்தத்துக்கு மனு, இருவரும் ஒருவரே என்று சான்று, சில நேரம் அரசிதழ் வரை போக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் எத்தனை நாளை இதற்கு இழப்பார்?

இன்னொன்று. 'ஔ' என்ற எழுத்தைப் பலர் ஒ-வையும் ள-வையும் சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு குறியீடுகள். ஔவையாரை ஒளவையார் என்று பதிந்தால் பிறகு தேடும்போது கிடைக்க மாட்டார். தட்டியவருக்கு உயிரெழுத்து பன்னிரண்டில் ஔ தனி எழுத்து என்பது மனத்தில் இருந்திருந்தால் இது நேராது.

கணினி வந்ததால் எழுத்துப்பிழைக்கு மதிப்புப் போய்விட்டது என்பவர்கள் ஒருநாள் என் மையத்தில் வந்து உட்காரட்டும். கணினி வந்த பிறகுதான் ஒரு சுழிக்கு இவ்வளவு விலை கொடுக்கிறார்கள்.

#12 போட்டித் தேர்வு மாணவி

இ-சேவை அண்ணன் சொன்னது இதுவரை நான் நினைத்தே பார்க்காதது. பிழைதிருத்தி பெயரைத் திருத்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரை அவரவர்தான் சரியாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

#13 ரொறன்ரோவிலிருந்து

வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்து, இப்போது இங்கே வார இறுதித் தமிழ் வகுப்பில் படிப்பிக்கிறேன். எங்கள் பேச்சில் ழ பெரும்பாலும் ள-வாகவே ஒலிக்கும். வாழைப்பழத்தைப் பிள்ளைகள் காதால் கேட்டு எழுதினால் 'வாளைப்பளம்' என்றுதான் எழுதுவார்கள். மதுரைப் பக்கமும் அப்படித்தான் என்று கேள்வி. ஆகவே காதை மட்டும் நம்பிச் சொல்வதெழுதுதல் நடத்தினால், பிள்ளை கேட்டதைச் சரியாக எழுதிவிட்டுப் பிழை வாங்கும். சொல்பவர் முதலில் ழ-வைச் சொல்லப் பழக வேண்டும்.

வேறொரு கவலையும் உண்டு. நாங்கள் ரொறன்ரோ, ஒன்ராறியோ என்று எழுதுவோம். இலங்கைத் தமிழில் அது நிலைபெற்ற முறை. தமிழ்நாட்டில் டொராண்டோ, ஒண்டாரியோ. கைபேசி எங்கள் முறையைத் தெரியாது. சிவப்புக் கோடு போடுகிறது, இல்லாவிட்டால் தானாக மாற்றுகிறது. பிள்ளைகள் வந்து, "ரீச்சர், நீங்கள் பிழையாகப் படிப்பிக்கிறீர்கள், ஃபோன் வேறு மாதிரிச் சொல்கிறது" என்கிறார்கள். எந்த முறை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்த இயந்திரத்தால் முடியவில்லை. ஆசிரியர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்துமுறையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டால், எது சரி என்ற தீர்ப்பைக் கேள்வி கேட்காமல் கருவி செய்த நிறுவனங்களிடம் கொடுத்துவிடுகிறோம். எங்களைப் போன்ற சிறிய வழக்குகள் அங்கே முதலில் அடிபடும்.

#14 நிரலாளன்

ரொறன்ரோ நண்பர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகவும் சரி. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை.

பரிந்துரைகள் எப்படி வருகின்றன? மக்கள் எழுதிக் குவித்ததிலிருந்து கணக்கெடுத்து, எந்தச் சொல் அதிகமாக வருகிறதோ அதை முன்னால் காட்டுகிறோம். 'இயக்குநர்' என்பதைவிட 'இயக்குனர்' அதிகம் புழங்கினால் இயக்குனர்தான் முதலில் வரும். 'முந்நூறு' என்பதற்கு 'முன்னூறு' வரும், 'பன்னிரண்டு' என்பதற்குப் 'பன்னிரெண்டு' வரும். முதலில் வருவதைத் தொடுகிறார்கள். தொட்டது மறுபடி கணக்கில் சேருகிறது. அடுத்தவருக்கு இன்னும் உறுதியாக அதே வருகிறது. ஆகவே பிழை ஒருமுறை பெரும்பான்மை ஆகிவிட்டால் இயந்திரமே அதைக் காப்பாற்றும். இந்தச் சுற்றை உடைக்க யாராவது சரியாக எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு என் துறையில் விடை இல்லை.

ஆனால் என் அடிப்படை நிலைப்பாட்டை விடவில்லை. ஒற்று மிகும் இடங்களின் விதிகளை ஐந்தாம் வகுப்பில் முழுதாகக் கற்பிக்கத் தேவையில்லை. அதற்குக் கருவி போதும்.

ஆசிரியை அம்மாவுக்கு ஒரு தகவல். தமிழ்99 விசைப்பலகை 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்தது. அதில் ந-வைத் தட்டி அடுத்துத் த-வைத் தட்டினால் ந-வுக்குப் புள்ளி தானாக விழும். ண-வுக்குப் பின் ட, ன-வுக்குப் பின் ற தட்டினாலும் அப்படியே. நீங்கள் சொன்ன இனவெழுத்து விதியை அப்படியே விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்கள்.

#15 தேனித் தமிழாசிரியை

தம்பி, அந்தத் தகவலை என் வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். இனவெழுத்தைக் கற்பித்த மறுநாள் தமிழ்99-இல் 'வண்டி', 'பந்து', 'கன்று' தட்டவைத்தால், நேற்றுப் படித்த விதி கைக்குள் வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். கணினி நேரமும் எழுத்து நேரமும் ஒன்றையொன்று விழுங்க வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தில் 'பல்லி'யைத் தட்டித் தமிழில் மாற்றும் முறையைப் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். அதில் பெரும்பாலும் ல, ள இரண்டும் ஒரே ஆங்கில எழுத்துக்குள் கரைந்துவிடுகின்றன.

ஒற்று பற்றியும் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். எல்லா விதியும் ஐந்தாம் வகுப்புக்கு வேண்டாம். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின், ஐ உருபுக்குப் பின், கு உருபுக்குப் பின். இவ்வளவு போதும். இதையும் விதியாகச் சொல்லத் தேவையில்லை, உரக்கப் படிக்கவைத்தால் போதும். 'அந்தப் பையன்' என்று சொல்லும்போது வாய் தானாக அழுத்துகிறது. 'கீரைக் கடை'யை அழுத்திச் சொன்னால் கடை. அழுத்தாமல் சொன்னால் கீரையை மத்தால் கடையச் சொல்கிறோம். காது ஒப்புக்கொண்ட பிறகு கை மறுப்பதில்லை. இப்போது பல இடங்களில் நடப்பது வேறு: ஒற்றுப் போடாவிட்டால் அடி விழும் என்று பயந்து 'வந்தப் பையன்', 'சிலப் பேர்' என்று வேண்டாத இடத்திலும் போட்டுவைக்கிறார்கள்.

#16 வத்தலக்குண்டு வாசகர்

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை. இழை முழுவதையும் அச்செடுத்துப் படித்துவிட்டு, அந்தத் தந்தையை நேற்று மாலை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். அவருக்கு மொழிமேல் கோபம் இல்லை. அவர் மகன் கணக்கில் கெட்டிக்காரன், சொல்வதெழுதுதலில் குட்டு வாங்கிக்கொண்டு வருகிறான். அதுதான் விஷயம். இ-சேவை அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவருடைய தாயாரின் பட்டாவிலேயே அப்படியொரு சிக்கல் இருக்கிறதாம்.

கூட்டத்தில் வைக்கப்போவது: சொல்வதெழுதுதல் தொடரட்டும், ஆனால் மதிப்பெண் அறிவிப்பதும் திரும்பத் திரும்ப எழுதவைப்பதும் நிற்க வேண்டும். கட்டுரையில் எழுத்துப்பிழைக்குத் தனியாகக் குறிப்பு எழுதலாம், கருத்துக்கான மதிப்பெண்ணில் குறைக்கக் கூடாது. எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அவர்களுக்குக் கருவி தர வேண்டும். கணினி நேரத்தில் ஒரு பகுதி தமிழ்99.

ஆசிரியை அம்மாவிடம் ஒரு கேள்வி. சொற்பட்டியல் இல்லாமல் சொல்வதெழுதுதல் நடத்துவது எப்படி என்று எங்கள் ஆசிரியர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

#17 தேனித் தமிழாசிரியை

பட்டியலே வேண்டாம், வாக்கியமாகச் சொல்லுங்கள். 'கறி' என்று தனியாகச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? 'இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டான், அடுப்பில் கறி வெந்தது' என்று சொல்லுங்கள். பொருள் தெரிந்து எழுதும். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பலகையில் எழுதிப்போட்டு, அவரவர் தம் பிழையைத் தாமே வட்டமிடட்டும். ஒரே ஒரு பிழையை எடுத்து, "இங்கே ஏன் இந்த எழுத்து?" என்று வகுப்பைக் கேளுங்கள். பத்து வரி எழுதவைத்துப் பத்தையும் திருத்துவதைவிட, இரண்டு வரி எழுதவைத்து ஒன்றைப் பேசுவது பலன் தரும்.

மூன்றாம் வகுப்புக்கு ண்ட, ந்த, ன்ற. நான்காம் வகுப்புக்கு ர, ற-வும் ய், ர், ழ் பின்னால் வரும் ஒற்றும். ஐந்தாம் வகுப்புக்கு ல, ள, ழ பொருள் வேறுபாடும் நான் சொன்ன மூன்று ஒற்றிடங்களும். அவ்வளவுதான். வாக்கியங்களை நான் எழுதித் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன்.

#18 சிவகாசி மெய்ப்பர்

போடுங்கள் அம்மா. வெட்டியதுபோக மீந்த தாள் எங்களிடம் எப்போதும் இருக்கும். சிறு அட்டைகளாக அச்சடித்து வத்தலக்குண்டுப் பள்ளிக்கு அனுப்பிவைக்கிறேன். எழுத்துப் பெரிதாக இருக்கட்டுமா, நடுத்தரமா என்று மட்டும் சொல்லுங்கள்.

#19 ஒரு தாய்

பெரிதாக, வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு. என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு அது உதவும்.